மெருகும் திருத்தமும்

1

"எல்லாம் போட்டோஷாப்" என்பது இன்று ஒரு வசைச்சொல். ஒரு படம் நன்றாக இருந்தால் அதன்மேல் விழும் முதல் சந்தேகம் இது. நன்றாக இல்லையென்றால் அதற்குச் சொல்லப்படும் காரணமும் இதுவே. எழுத்து என்று வந்தால் சொல்லுக்குச் சொல் கறாராக இருக்கும் நம் நண்பர்கள்கூட, புகைப்படத்தின் முன் நிற்கும்போது இந்த ஒற்றை வார்த்தையில் விமர்சனத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காமிரா தன் முன் இருப்பதை இருக்கிறபடி பதிவு செய்கிறது. அதற்குப் பிறகு ஒருவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்வது எதுவானாலும் கலப்படம் என்னும் நம்பிக்கை. இது புகைப்படத்தைப் பற்றிய அறியாமை. கூடவே படைப்பைப் பற்றிய அறியாமையும். கவிதையில் ஒரு வரியைப் பத்து முறை அடித்து எழுதுகிறவனை நாம் மதிக்கிறோம். முதல் வீச்சில் வந்ததே சத்தியம், பின்னால் செய்த திருத்தமெல்லாம் பொய் என்று எவராவது சொன்னால் சிரிப்போம். படம் எடுக்கிறவனுக்கு மட்டும் இந்த உரிமை மறுக்கப்படுவானேன்?

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. காமிரா ஒரு தூரிகை, கம்ப்யூட்டர் ஒரு வண்ணப் பெட்டி, கலைஞன் தன் மனம்போல எதையும் எப்படியும் மாற்றலாம், கேள்வி கேட்கிறவன் கலை தெரியாதவன் என்கிற கூட்டம். வானம் நீலம் போதவில்லையா, கூட்டு. வயல் பச்சை மங்கலா, ஏற்று. இவர்களுடைய படங்களை எந்தக் காலண்டரிலும் காணலாம். சுதந்திரம் என்று இவர்கள் சொல்வது, எல்லோரும் ஏற்கனவே ஒப்புக்கொண்ட ஒரு அழகுக்குக் கட்டுப்படுவதைத்தான்.

இரண்டு கட்சிகளும் ஒரே தவறைச் செய்கின்றன. திருத்தினானா இல்லையா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எதை நோக்கித் திருத்தினான் என்று. நமது மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன: திருத்தம், மெருகு. இரண்டையும் ஒன்றுபோல் உபயோகிக்கிறோம். கூடாது என்பது என் கட்சி. திருத்தம் பொருளை நோக்கிப் போகிறது. மெருகு பார்ப்பவனை நோக்கி வருகிறது. இந்த வித்தியாசம் புலப்பட்டால் மற்றவை தாமாக விளங்கும்.

2

முதலில் அந்தக் கலப்படமற்ற படம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

டிஜிட்டல் காமிராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது கோடிக்கணக்கான நுண்புள்ளிகள் கொண்ட ஒரு தகடு. இந்தப் புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. தம்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும் தெரியும். நிறத்தைப் பிரிப்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடக் கம்பெனியில் வேலை பார்த்த ப்ரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் பெரும்பாலான காமிராக்களில், செல்போன்களில், இதுவோ இதன் வழிவந்த ஒன்றோதான். பச்சை வடிகட்டியின் கீழ் இருக்கும் புள்ளி சிவப்பையும் நீலத்தையும் பார்க்கவேயில்லை. பக்கத்துப் புள்ளிகளை விசாரித்து, கணக்குப் போட்டு, அவ்விரண்டும் நிரப்பப்படுகின்றன. ஆக, ஒரு படத்திலுள்ள நிற விவரங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளக்கப்பட்டதல்ல, ஊகிக்கப்பட்டது. காமிராவிலிருந்து நேராக வந்த படம் என்று நாம் பயபக்தியுடன் சொல்லும் வஸ்து இதுதான்.

இதோடு முடிவதில்லை. நல்ல காமிரா ஒரு புள்ளியின் வெளிச்சத்தை 16,384 படிகளில் அளந்து வைத்துக்கொள்ள முடியும். நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சாதாரணப் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, நிழலில் இருந்ததை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத சில பொறியாளர்கள், பொதுவாக ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று சோதித்துப் பார்த்து, காமிரா விற்பனைக்கு வருமுன்பே செய்த முடிவு அது.

வெண்மை என்கிற எளிய விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயிலில் நிற்கிறவனின் வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளைதான். வெயிலின் மஞ்சளை மனம் கழித்துவிடுகிறது. காமிராவுக்குக் கழிக்கத் தெரியாது, சொல்லித்தர வேண்டும். முழுக்கக் கழித்தால் வேட்டி சலவை வெள்ளையாகும், ஆனால் சாயங்காலம் செத்துப்போகும். கழிக்காமல் விட்டால் சாயங்காலம் இருக்கும், வேட்டி சாயம் தோய்த்ததுபோல் ஆகும். இரண்டுக்கும் நடுவே எங்கோ அன்று அங்கே நின்றவன் கண்டது இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அன்று அங்கே நின்றவனால்தான் முடியும். பின்னால் உட்கார்ந்து செய்யும் திருத்தத்தின் நியாயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

திருத்தாத படம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் திருத்தவில்லை என்றால் உங்களுக்காக வேறொருவன் திருத்தியிருக்கிறான்.

3

இருட்டறைக் காலத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படம் நியூ மெக்ஸிகோவில், ஹெர்னான்டெஸ் என்னும் சிற்றூரில் எழும் நிலவு. கீழே ஒரு சிறு தேவாலயமும் கல்லறைச் சிலுவைகளும் கடைசி வெயிலில் வெளுத்து நிற்கின்றன. தூரத்தில் பனிமலை, அதன்மேல் நிலவு, அதற்கும் மேல் பெரிய இருண்ட வானம். காரை நிறுத்தி இறங்கிய ஆடம்ஸுக்கு அவசரத்தில் வெளிச்சமானி அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒரு நெகடிவிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் பிரதிகள் போட்டுக்கொண்டேயிருந்தார். ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறம். மெல்லிய மேகங்கள் தெரியும். போகப் போக வானம் கறுத்துக்கொண்டே வந்து, பிற்காலப் பிரதிகளில் ஏறக்குறைய முழு இருட்டாகிவிடுகிறது. 1948-ல் நெகடிவின் கீழ்ப்பகுதியை மறுபடி ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். பியானோ பயின்றவரான ஆடம்ஸ், நெகடிவை இசைக்குறிப்புக்கும் பிரதியைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். நம் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை இளமையிலும் முதுமையிலும் பாடிய வித்வான்களைக் கேட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆடம்ஸுக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை. இந்தப் படத்துக்கு அவரே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு வருஷம் சொன்னார். பின்னாளில் வானியல் கணக்குத் தெரிந்தவர்கள், படத்தில் நிலவு நிற்கும் இடத்தையும் அது மலைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து, எடுத்த நேரத்தைக் கண்டுபிடித்தார்கள்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். நாற்பது வருஷம் வானத்தைக் கறுக்கடித்த பிறகும், எந்தப் பிரதியை எடுத்து அளந்தாலும் அந்த நிமிஷம் அதில் இருக்கிறது. இவ்வளவு மாற்றப்பட்டும் படம் தான் பிறந்த கணத்தை விட்டு ஒரு நூல் விலகவில்லை. திருத்தம் என்று நான் சொல்வது இதை.

4

இனி விதிகளைப் பார்ப்போம். பத்திரிகைப் படங்களுக்கு உலக அளவில் பெயர்பெற்ற பரிசு வேர்ல்ட் பிரஸ் போட்டோ. 2010-ல் அங்கே பரிசு பெற்ற ஸ்டெபான் ரூடிக் என்ற உக்ரைன்காரரிடமிருந்து பரிசு திரும்பப் பெறப்பட்டது. கீவ் நகரில் நடக்கும் தெருச்சண்டைகளைப் பற்றிய படத்தொகுப்பு அவருடையது. அதில் ஒரு படத்தில், கட்டுப்போடப்படும் ஒரு கைக்குப் பின்னால் யாரோ ஒருவரின் பாதத்தின் நுனி தெரிந்தது. ரூடிக் அதை அழித்துவிட்டார். அது குற்றம், விதிப்படி சரி.

வேடிக்கை என்னவென்றால், மூலப்படம் பல பேர் நிற்கும் ஒரு சாதாரண வண்ணப்படம். அதில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து, வண்ணத்தை நீக்கி, சொரசொரப்பை ஏற்றி, ஓரங்களை இருளில் அமிழ்த்தி, முற்றிலும் வேறொரு மனநிலைக்கு அதைக் கொண்டுபோயிருந்தார் அவர். இத்தனையும் ஆட்சேபணைக்கு உள்ளாகவில்லை. ஒரு கால்விரல் நுனி ஆளை வீழ்த்திவிட்டது. பாதம் எண்ணக்கூடியது, இருந்தது, இப்போது இல்லை. இருளோ எண்ண முடியாதது. விதிகள் எண்ணக்கூடியதைத்தான் பிடிக்கும். நம் பண்டிதர்கள் கவிதையில் தளை தட்டுவதைப் பிடிப்பது மாதிரி.

இருள் என்ன செய்யும் என்பதற்கு 1994-ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கொலை வழக்கில் கைதான ஓ.ஜே. சிம்ஸனைப் போலீஸார் எடுத்த படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டு பத்திரிகைகளும் ஜூன் 27 தேதியிட்ட இதழ்களின் அட்டையில் போட்டன. 'நியூஸ்வீக்' படத்தை அப்படியே போட்டது. 'டைம்' அதை ஓர் ஓவியரிடம் கொடுத்தது. அவர் செய்தது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்த வேலைதான்: தோல் கறுத்தது, முகத்தில் நிழல் ஏறியது, ஓரங்கள் மங்கின. இரண்டு இதழ்களும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோதுதான் ஜனங்களுக்கு விஷயம் புரிந்தது. வழக்கு ஆரம்பிக்குமுன்பே ஒரு அட்டை தீர்ப்பு எழுதிவிட்டது. கறுப்பு என்றால் குற்றம் என்று அந்தச் சமூகத்தின் அடிமனதில் ஏற்கனவே எழுதியிருந்த தீர்ப்பு. ஒரு கறுப்பனைக் கூடுதல் கறுப்பாக்கினால் அவன் கூடுதல் குற்றவாளியாவான் என்பது வாசகனுக்கும் அட்டைக்கும் இடையே பேசப்படாத ஒப்பந்தம். ஒரு விரலைக்கூட அழிக்காமல் இது நடந்தது.

ஆகவே, சேர்ப்பதும் நீக்குவதும்தான் பொய், நிறத்தையும் ஒளியையும் மாற்றுவது வெறும் ஒப்பனை என்னும் பாகுபாடு நிற்காது. நிறத்தில்தான் பொய் சுலபமாகக் குடியேறுகிறது. ஏனென்றால் நிறத்தில் நமக்கெல்லாம் ஏற்கனவே அபிப்பிராயம் இருக்கிறது.

5

இந்த இடத்தில் நம் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நம்மைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் யார்?

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சிங் என்று ஒரு வேலை இருந்தது. கூராகச் சீவிய பென்சிலால் நெகடிவின் மேல் பொடிப்பொடியாகக் கோடு போடுவார்கள். நெகடிவில் கறுப்பு ஏறிய இடம் பிரதியில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே உள்ள குழி நிரம்பும், முகம் ஒரு படி ஏறும். இதற்கென்று கைபழகியவர்கள் இருந்தார்கள். ஒரு முகத்துக்கு அரைநாள் ஆகலாம். அந்த உழைப்பே ஒரு கட்டுப்பாடாகவும் இருந்தது.

இன்று அதற்கு அரை நொடி. படத்தைத் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு நகர்த்தி உண்டு. மனிதத் தோல் எந்த தேசத்துத் தோலானாலும் அதன் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, ஆரஞ்சுப் பகுதியில்தான் விழுகிறது. சினிமாவில் நிறம் சேர்க்கிறவர்கள் உபயோகிக்கும் அளவு வட்டத்தில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடு இருக்கிறது. ஸ்வீடன்காரனும் சூடான்காரனும் நானும் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டின் மேல்தான் விழுகிறோம். வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவில். மனிதகுலம் ஒன்று என்பதற்கு இவ்வளவு வறட்சியான, இவ்வளவு உறுதியான நிரூபணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் இதே உண்மையின் மறுபக்கத்தைக் கல்யாண ஆல்பம் போடுகிறவன் கண்டுபிடித்துவிட்டான்: ஆரஞ்சின் வெளிச்சத்தை வலப்பக்கம் இழுத்தால் கல்யாண வீடே சிவந்து போகும். மணப்பெண், அவள் அத்தை, பந்தி பரிமாறுகிறவர், நாதஸ்வரக்காரர், ஒருவர் பாக்கியில்லாமல். செல்போனிலோ இழுக்கக்கூட வேண்டாம். அழகூட்டும் வசதி என்று ஒன்று பல போன்களில் கூடவே வருகிறது.

இந்த வெளுப்புக்கு நாம் மட்டும் பொறுப்பல்ல. வண்ண ஃபிலிம் கழுவும் ஆய்வகங்களுக்கு கோடக் கம்பெனி நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் நீண்ட காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். முதலில் அட்டையில் இருந்தவளின் பெயரால் அதற்கு ஷர்லி கார்டு என்றே பெயர். ஷர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்ற புகாரை அந்தக் கம்பெனி காதில் போட்டுக்கொண்டதற்கு, சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் விளம்பரப் படங்களைப் பற்றி முறையிட்டதே காரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனிதத் தோலின் நியாயம் நாற்காலியின் சிபாரிசில் கிடைத்தது. பல இனத்து முகங்கள் கொண்ட அட்டைகள் வர 1990-கள் ஆயிற்று. ஆக, கறுத்த முகத்தைச் சரியாகக் காட்டுவதற்குத் திருத்தம் அவசியம். நிழலில் விழுந்து மொத்தையாகப் போன ஒரு கறுத்த முகத்தில் கண்ணையும் கன்னத்தையும் மீட்டெடுக்க அந்த நகர்த்தியை இழுக்கத்தான் வேண்டும். அதே கருவி, அதே திசை. ஒருவன் அந்த முகத்திலுள்ளதைத் தேடி இழுக்கிறான்; இன்னொருவன் அந்த முகத்திலிருந்து தப்பி ஓட இழுக்கிறான்.

நான் வேலை பார்க்கும் கிளையில் ஒரு முதிய பெண்மணி விதவை உதவித்தொகைக் கணக்குக்காகப் படம் கொண்டுவந்தார். படத்தில் இருந்தது ரோஜா நிறத்தில், சுருக்கமே இல்லாத, அவருக்கு மகள் முறையாகக்கூடிய ஒரு முகம். அதிகாரி ஏற்கவில்லை, ஏற்க முடியாது. வேறு படம் எடுத்துவரச் சொன்னோம். "ஸ்டுடியோத் தம்பிதான் நல்லா இருக்கட்டும்னு வெளுப்பா ஆக்கிக் குடுத்துச்சி சார்" என்றார் அந்த அம்மாள். பிறகு படத்தைத் திரும்ப வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இத நான் வச்சிக்கறேன். நான் போன பொறவு இதத்தான் பெரிசு பண்ணி மாட்டச் சொல்லணும்" என்றார்.

இதை எளிதாகச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. அறுபது எழுபது வருஷம் ஒரு நிறத்தைச் சுமந்து, அதற்காகப் பேச்சுக் கேட்டு, செத்த பிறகாவது அதிலிருந்து விடுதலை வேண்டும் என்கிற ஆசையை மெருகு என்று சொல்லித் தள்ள விமர்சகனுக்கு என்ன யோக்கியதை? அந்த அம்மாளுக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அதில் எனக்குத் தகராறில்லை. அவருக்கு அது வேண்டியிருக்கும்படி செய்த கண்களோடுதான் என் தகராறு. அந்தக் கண்கள் ஸ்டுடியோத் தம்பியுடையவை, நம்முடையவையும்தான். அவர் பேரன் சுவரில் பார்க்கப்போவது தன் பாட்டியை அல்ல, ஊர் ஒப்புக்கொள்ளும் ஒரு பாட்டியை. அவன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று அந்தச் சுவர் அவனுக்குச் சொல்லாது. நஷ்டம் இதுதான். இதற்கு ஈடு கிடையாது.

6

கலைப்படக்காரர்கள் இதிலிருந்து தப்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் எதிர்த்திசையில் அதே காரியத்தைச் செய்கிறார்கள்.

கண்காட்சிகளில் நிச்சயம் ஒரு கிழவரின் முகம் இருக்கும். கறுப்பு வெள்ளையில், வறண்ட ஏரிபோல் வெடித்த முகம். கம்ப்யூட்டரில் கிளாரிட்டி என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடுத்தரப் பகுதிகளில் பக்கத்துக்குப் பக்கம் உள்ள வேற்றுமையை அது கூட்டும். அளவோடு வைத்தால் படத்துக்குத் தசை வரும். முழுக்க இழுத்தால் சுருக்கம் பள்ளமாகும், பள்ளம் பாதாளமாகும். அந்தக் கிழவர் அன்று காலை டீ குடித்துவிட்டுப் பேரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். படத்தில் அவர் இந்திய விவசாயத்தின் துயரம். வெளுக்க வைத்தவனுக்கு ஊரின் ஒப்புதல் வேண்டும். பள்ளம் தோண்டியவனுக்கு நடுவர்களின் ஒப்புதல் வேண்டும். இரண்டிலும் முகத்தின் சொந்தக்காரர் காணாமல் போகிறார். ஏழ்மையைப் பற்றி நம் கதைகளில் வரும் சில பக்கங்கள் இங்கே உங்களுக்கு நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆனால் எல்லாம் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2012 நவம்பரில் காஸாவில் ஸ்வீடன் நாட்டுப் பால் ஹான்ஸன் எடுத்த படம் அடுத்த ஆண்டு வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் முதல் பரிசைப் பெற்றது. குண்டுவீச்சில் இறந்த இரண்டு சிறு குழந்தைகளைக் கையில் ஏந்தி, ஒரு குறுகிய சந்தில் ஆண்கள் கூட்டமாக வருகிறார்கள். சந்தின் வெளிச்சம் சினிமா வெளிச்சம்போல் இருப்பதாகவும், பல படங்களை ஒட்டியது என்றும் சந்தேகம் கிளம்பிற்று. நிபுணர்கள் மூலக்கோப்பை ஆராய்ந்து, நிறத்திலும் ஒளியிலும் ஆங்காங்கே வேலை செய்யப்பட்டிருக்கிறது, ஒட்டுவேலை இல்லை என்று முடிவு சொன்னார்கள். விதிப்படி வழக்குத் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. அந்த முகங்களின் கோபம் தெரியவேண்டும் என்று வெளிச்சம் ஏற்றியதை ஒப்புக்கொள்கிறேன். அது அங்கே இருந்தது, கண் கண்டது. ஆனால் ஏற்றிய வெளிச்சம் ஒரு எல்லையைத் தாண்டியதும், பார்ப்பவன் குழந்தைகளை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்க்கிறான். துக்கம் அழகாக இருக்கிறது என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போகிறது. அந்த ஒரு கணம்தான் மெருகு. ஒரே படத்தில், ஒரே கையால், திருத்தம் முடிந்து மெருகு தொடங்கும் கோடு எங்கேயோ இருக்கிறது. அதை எந்த நிபுணரும் அளந்து சொல்ல முடியாது. விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

7

என் தொழிலில் திருத்தத்துக்கு ஒரு பழைய ஒழுக்கம் உண்டு. கையால் பேரேடு எழுதிய காலத்தில் தவறான தொகையைச் சுரண்டி அழிக்கக்கூடாது. கீழே இருப்பது படிக்கும்படியாகக் குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். இப்போது பேரேடு போய்விட்டது, விதி போகவில்லை. கம்ப்யூட்டரில் ஏறிய தவறான பதிவை நீக்க முடியாது. எதிர்ப்பதிவு ஒன்று போட்டு நேர் செய்யலாம். தவறு, திருத்தம் இரண்டும் கணக்கில் நிற்கும்.

2007-ல் வந்த லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் இந்தப் பேரேட்டு முறையில்தான் இயங்குகின்றன. மூலக்கோப்பைத் தொடுவதேயில்லை. இன்னது கூட்டினேன், இன்னது குறைத்தேன் என்று திருத்தங்கள் தனியே ஒரு பட்டியலாக நிற்கின்றன. எந்த நிமிஷமும் பின்னோக்கி நடந்து மூலத்துக்குப் போய்ச் சேரலாம். இருட்டறைக்கு இல்லாத நேர்மை இந்தக் கம்ப்யூட்டருக்கு உண்டு என்றால் நம் நண்பர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. யூஜின் ஸ்மித் பெரிய கலைஞர். ஒரு பிரதியோடு நாள் கணக்கில் இருட்டறையில் போராடியவர். அவர் 1954-ல் 'லைஃப்' பத்திரிகைக்காக எடுத்த ஆல்பர்ட் ஷ்வைட்ஸரின் படத்தில், முன்பக்கம் நிழலுருவாக நிற்கும் ரம்பக் கைப்பிடியும் கையும் வேறொரு நெகடிவிலிருந்து வந்தவை. வாசகனுக்கு அது சொல்லப்படவில்லை. படத்துக்கு அவை தேவையாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்வேன். ஆனால் சுருக்கொப்பம் இல்லை. கலைஞன் பெரியவன் என்பதற்காகக் கணக்கில் சலுகை கிடையாது.

8

மறுபடியும் நிலவுக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலவின் படம் ஒன்றைச் சிறிதாக்கி, கலங்கடித்து, ஒரு விவரமும் தெரியாத வெள்ளைக் கறையாக ஆக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு, தூரத்திலிருந்து சாம்ஸங் போனால் அதைப் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் இருந்தன. எதிரே இருப்பது நிலவு என்று போன் கண்டுகொண்டது. நிலவுக்கு என்னென்ன இருக்கும் என்பது அதற்கு ஏற்கனவே கற்பிக்கப்பட்டிருந்தது. இல்லாததை எடுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டது.

பச்சைப் புள்ளி பக்கத்துச் சிவப்பை விசாரித்து நிரப்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அங்கே விசாரணை அந்த இடத்துக்குள்ளேயே, அந்தக் கணத்துக்குள்ளேயே நடந்தது. இங்கே பிற இரவுகளில் பிறர் எடுத்த நிலவுகளிடம் கேட்டு நிரப்பப்பட்டது. அது எந்த இரவின் நிலவும் அல்ல. அதை வைத்து எந்த வானியலாளனும் ஒரு மாலை 4 மணி 49 நிமிடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வானத்தை நாற்பது வருஷம் கறுக்கடித்த ஆடம்ஸின் நிலவு சாட்சி சொல்கிறது. ஒருவனும் கை வைக்காத போனின் நிலவு சாட்சிக் கூண்டில் ஊமையாக நிற்கிறது.

கவிதை எழுதுகிறவர்களுக்கு இது புது விஷயமாக இருக்க நியாயமில்லை. நிலவு என்று எழுதியவுடன் கை தானாகவே நிரப்பிக்கொள்ளும் அடைமொழிகள் நமக்குத் தெரியும். அவற்றை எழுதியவன் அன்று வானத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிறர் பார்த்து, பிறர் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட நிலவு அது. போன் செய்வதும் இதேதான், வேகமாக.

உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளில் இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை: 267, 268. வேறு பல பாடல்களில் சீர்களும் அடிகளும் சிதைந்திருந்தன. அந்தத் தமிழில் அவருக்கு இருந்த பயிற்சிக்கு, விடுபட்ட சீரை ஓசை கெடாமல் நிரப்புவது பெரிய காரியமாக இருந்திருக்காது. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் இடத்தைக் காலியாக விட்டார். இல்லாத சீருக்குப் புள்ளி வைத்தார். பாடபேதத்தை அடிக்குறிப்பில் போட்டார். பிழையான பாடத்தைத் திருத்தத் தயங்கியவரல்லர் அவர். ஆனால் ஏட்டில் இல்லாததற்குத் தம் கையெழுத்தைப் போட மறுத்தார்.

இன்றைய கருவி புள்ளி வைக்காது. அதனிடம் கொடுத்தால், மீதி 398 பாடல்களையும் படித்துவிட்டு 267-ஐ எழுதிக் கொடுக்கும், நன்றாகவும் இருக்கும். அதில் எந்த மன்னனும் இறந்திருக்கமாட்டான்.